ஐரோப்பிய மக்கள், மொழிகள் சுவர்ப்படம்: நிறங்கள் சரி, பெட்டிக்குறிப்பு தவறு

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்காகப் பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் நடத்தும் படிப்பகத்துக்கு, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 650 ரூபாய்க்கு இந்தத் தமிழ்ச் சுவர்ப்படத்தை வாங்கினோம். லேமினேஷன் கெட்டியாக இருக்கிறது; டியூப்லைட்டுக்கு நேர் எதிரே மாட்டினால் மட்டும் பளபளப்பில் எழுத்துகள் மறைகின்றன.

ஸ்லாவிய மொழிகளைப் பச்சையின் மூன்று சாயல்களில் காட்டியிருப்பதுதான் இப்படத்தின் பெரும்பலம். ரஷ்யன், உக்ரேனியன், பெலாரஷ்யன் அடங்கிய கிழக்குக் கிளையும், போலிஷ், செக், ஸ்லோவாக் அடங்கிய மேற்குக் கிளையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, ஸ்லோவேனியன் முதல் பல்கேரியன் வரையிலான தெற்குக் கிளையை ஆஸ்திரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகியவை குறுக்கே நின்று பிரிப்பது பார்த்த மாத்திரத்தில் விளங்குகிறது. ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் பௌட்சன் நகரை ஒட்டி வாழும் சோர்பியருக்கும் சுண்டுவிரல் நகமளவு பச்சை வைத்திருக்கிறார்கள். லிதுவேனியாவையும் லாட்வியாவையும் ஸ்லாவியத்தில் சேர்க்காமல் பால்டிக் மொழிகளாகத் தனித்துக் காட்டிய கவனத்தை மனமாரப் பாராட்ட வேண்டும்.

அந்தக் கவனம் பெயர்களில் இல்லை. ஸ்லோவேனியாவின் மேல் ‘ஸ்லாவோனியா’ என்று அச்சாகியிருக்கிறது. ஸ்லோவேனியா 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த நாடு. ஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1 அன்று செக்கோஸ்லோவாக்கியா இரண்டானபோது உருவான நாடு. ஸ்லாவோனியாவோ குரோவேஷியாவின் கிழக்கே உள்ள ஒரு வட்டாரம் மட்டுமே. மூன்று பெயருக்கும் வேர் ஒன்று என்பதால் பிள்ளைகள் எளிதில் தடுமாறும் இந்த இடத்தில், படமே தடுமாறியிருப்பது பெரிய குறை. யூகோஸ்லாவியா தெற்கு ஸ்லாவியர் அனைவரையும் ஒன்றிணைத்தது என்ற வரியும் பிழையானது. 1929இல் அந்நாடு அப்பெயரைச் சூடியபோதும் சரி, பின்னரும் சரி, பல்கேரியா அதில் சேர்ந்ததே இல்லை.

எல்லாவற்றையும் விட வருத்தம் தருவது வலது மூலையில் உள்ள பெட்டிக்குறிப்பு. அடிமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஸ்லாவியர் என்ற பெயர் பிறந்ததாக அது கூறுகிறது. நடந்தது நேர்மாறானது. 6ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் இம்மக்களை ‘ஸ்கிளவேனோய்’ என்று குறிப்பிட்டிருக்கிறார். இடைக்காலத்தில் அவர்கள் பெருமளவில் பிடிக்கப்பட்டுச் சந்தைகளில் விற்கப்பட்டதால்தான், அவர்களுடைய பெயரே இடைக்கால லத்தீனில் அடிமைக்கு உரிய சொல்லாகி, ஆங்கிலத்தில் ‘ஸ்லேவ்’ என்று நிலைத்தது. அவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயரை, ‘சொல்’ எனப் பொருள்படும் ‘ஸ்லோவோ’வுடன் தொடர்புபடுத்தி, ஒரே பேச்சை உடையவர்கள் என்று விளக்கும் அறிஞர்கள் பலர், அதை ஏற்காதவர்களும் உண்டு. வடசென்னை என்று ஊர் சொன்னதுமே எதிரிலிருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் படிப்பகத்துக்கு வருகிறார்கள். ஒரு மக்களின் பெயர் மற்றவர்கள் செய்த கொடுமையால் இழிசொல்லாக்கப்பட்ட வரலாற்றை, அந்த மக்களின் பிறப்பே அப்படித்தான் என்று அவர்களுக்குக் கற்பிக்க என்னால் இயலாது.

கடைக்காரர் படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முன்வந்தார். நிறப்பிரிப்பின் அருமை கருதி நாங்கள் வைத்துக்கொண்டோம். பிழைகளைப் பட்டியலிட்டுப் பதிப்பகத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். திருத்திய பதிப்பு வரும்வரை, இதை வாங்கும் பள்ளிகளும் படிப்பகங்களும் ‘ஸ்லாவோனியா’வின் மேல் சரியான பெயரை எழுதி ஒட்டி, பெட்டிக்குறிப்பை முழுவதும் மறைத்துப் பயன்படுத்தலாம்.