பழைய கேசட்டை டிவிடி தட்டில் ஏற்ற: ரெக்கார்டரா, காம்போவா, யூஎஸ்பி குச்சியா?

அம்மாவின் அலமாரியில் 11 விஎச்எஸ் கேசட்டுகள். அக்கா கல்யாணம் இரண்டு, பினாங்கு தண்ணீர்மலைத் தைப்பூசம் மூன்று, மற்றதெல்லாம் பிறந்தநாளும் கிரகப்பிரவேசமும். அம்மா கேட்டது ஒன்றுதான்: டிவிக்குக் கீழே இருக்கும் டிவிடி பிளேயரில் போட்டால் ஓட வேண்டும். லேப்டாப்பில் பார்க்கலாமே என்றால், "அதை யாருப்பா தொறந்துக்கிட்டு இருக்கிறது" என்கிறார்.

டிவி நிகழ்ச்சி பதிவு செய்யத்தான் டிவிடி ரெக்கார்டர், அதாவது தட்டில் பதியும் பெட்டி, தேடுகிறீர்கள் என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள். அதில் ஒளிபரப்பைப் பிடிக்கும் டியூனர் பெரும்பாலும் அனலாக். மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31ஓடு முடிந்துபோனது. இலவச டிஜிட்டல் டிவிக்கான மைஃப்ரீவியூ டிகோடர்கள் பலவற்றில் பென்டிரைவ் செருகினாலே பதிவாகும்.

கேசட்டுக்கு என்றால் கதை வேறு. தனி ரெக்கார்டரிலிருந்து தொடங்குகிறேன். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் 120 ரிங்கிட் சொன்ன அங்கிளிடம், இரண்டு சுற்றுச் சுற்றி வந்து "போலே கூராங்?" (குறைக்கலாமா?) கேட்டு 80க்கு வாங்கினேன். காசு கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் படியுங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்கள் நம் ஊரில் நிறைய. 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். நம் வீட்டு 240 வோல்ட்டில் செருகினால் புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத் தப்பித்தாலும் அது என்டிஎஸ்சி என்ற டிவிப் பட முறை உள்ள நாட்டுப் பெட்டி. நம் கேசட்டுகளோ பால் (PAL) என்ற வேறு முறை. குடிக்கிற பால் இல்லை.

இணைப்பது சுலபம். கேசட் ஓட்டும் விசிஆரின் 'அவுட்' துளைகளிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை ரெக்கார்டரின் 'இன்' துளைகளுக்குக் கொண்டுபோய், ரிமோட்டில் ஏவி உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். நான் 'அவுட்'டிலிருந்து 'அவுட்'டுக்கே செருகிவிட்டு அரை மணி நேரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது தனிக் கதை.

யோசிக்க வேண்டியது நேரக் கணக்கைத்தான். ஒரு தட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. எஸ்பி என்ற வழக்கமான தர முறையில் 2 மணி நேரம், தரம் குறைந்த எல்பியில் 4 மணி நேரம். கேசட்டில் இ-180 என்று இருந்தால் 180 நிமிடம். அது எஸ்பியில் அடங்காது. எல்பிக்குப் போனால் பல பெட்டிகள் படத்தின் அகலத்தை 720 புள்ளியிலிருந்து 352 ஆகக் குறைத்துவிடும். கேட்கத்தான் பயங்கரம். விஎச்எஸ்ஸில் இருப்பதே ஏறக்குறைய 240 கோடு விவரம் என்பதால் கூர்மை பெரிதாகப் போகாது. ஆனால் காவடி மயிலிறகும் கூட்டமும் ஒன்றாக அசையும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். எஃப்ஆர் என்ற முறை இருந்தால் நிமிடத்தைச் சொல்லிவிடலாம். தட்டு நிரம்பும் அளவுக்குத் தரத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். என் பெட்டியில் அது இல்லை. தைப்பூசத்துக்குக் கேசட் ஒன்றுக்கு இரண்டு தட்டாகப் போட்டேன். கடைசியில் 'பைனலைஸ்' செய்ய மறக்காதீர்கள். செய்யாத டிவிடி-ஆர் தட்டு அம்மாவின் பிளேயரில் ஓடாது.

காம்போ, அதாவது கேசட்டும் தட்டும் ஒரே பெட்டியில். ஒயர் தொல்லை இல்லை, ஒரு பொத்தானில் வேலை முடியும், வீட்டில் பெரியவர்களே செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு பாதி படுத்தால் இன்னொரு பாதியும் சும்மா கிடக்கும். கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது, உதிரிபாகத்துக்கு எங்கே போவது? எனக்கு ஒத்துவரவில்லை.

யூஎஸ்பி குச்சி என்றால் பென்டிரைவ் இல்லை, விசிஆரின் படத்தை லேப்டாப்புக்குள் ஏற்றும் சாதனம். இதுதான் மூன்றிலும் மலிவு. 4.7 ஜிபி என்ற வேலியும் இல்லை. வினாடிக்கு 8 மெகாபிட் வைத்தால் 3 மணி நேரக் கேசட் சுமார் 11 ஜிபி. ஹார்டிஸ்க்கில் போட்டுவிட்டுப் பிறகு வெட்டி ஒட்டலாம். நான் முதலில் முயன்றதும் இதைத்தான். வெளிக்கூடு ஒன்றுபோல இருக்கும் குச்சிகளில் உள்ளே சிப் வேறு வேறு. எனக்கு வாய்த்தது ஒலியை நழுவவிட்டது. கேசட் ஓட ஓட இடைவெளி கூடி, மாமா தாலி கட்டி முடித்த பிறகு கெட்டிமேளம் கொட்டியது.

பழைய கேசட்டின் படம் மேல் பக்கம் கொடிபோல வளைந்து ஆடினால் குச்சி இன்னும் தடுமாறும். அதற்கு ஒரு வழி உண்டு. பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 ஆகிய ரெக்கார்டர்கள் தம் வழியாகப் போகும் படத்தை நேராக்கி அனுப்பும். லேசர் செத்துப்போனதாக இருந்தாலும் சரி, விசிஆருக்கும் குச்சிக்கும் நடுவில் வைக்கலாம். 'தட்டு ஓடாது' என்று மலிவாகத் தள்ளிவிடும் பெட்டியை அப்படியே கடந்து போகாதீர்கள். கடையில் விற்ற சினிமா கேசட் என்றால் நகல் தடுப்பு குறுக்கே நிற்கும். சில ரெக்கார்டர்கள் தேய்ந்துபோன கல்யாணக் கேசட்டையும் அதே ரகம் என்று நினைத்து மறுத்துவிடும்.

என் தேர்வு தனி ரெக்கார்டர். ஆனால் மிச்சக் காசை நல்ல விசிஆரில் போடுங்கள். அங்கே கெட்ட படத்தை எந்தப் பெட்டியும் மீட்டுத் தராது. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சுருளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது. விசிஆரில் சுருளைப் படிக்கும் தலையில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் அது பரவும். பினாங்கு ஈரத்துக்கு என் 11இல் இரண்டு அப்படி. அவற்றைச் சுத்தம் செய்பவரிடம் கொடுத்திருக்கிறேன்.

தட்டில் ஏறிய பிறகு, அதிலுள்ள விஓபி (VOB) என்ற படக் கோப்புகளை லேப்டாப்பில் இழுத்துப்போட்டு எம்பி4 ஆக்கலாம். அக்காவுக்கு ஒரு துண்டு வாட்ஸ்அப்பில் போனது. பதில் உடனே வந்தது: "மேளம் இப்ப சரியான நேரத்துக்குக் கொட்டுதுடா."