ஃப்ளூ வந்த இதய நோயாளிக்கு விரல் ஆக்ஸிமீட்டர்: ஏற்காட்டில் எவ்வளவு நம்பலாம்?

விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்ஸிஜன் சதவீதத்தையும் நாடித்துடிப்பையும் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கொரோனா காலத்தில் வாங்கியது, பல வீட்டு அலமாரிகளில் இன்னும் கிடக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கோ சர்க்கரைக்காரருக்கோ ஃப்ளூ வந்தால் எடுத்து மாட்டுங்கள், நல்லதுதான். ஆனால் மாரடைப்பை அது காட்டாது.

கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வின்படி, ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் 6 மடங்கு. வைரஸ் கிளப்பும் அழற்சியில் ரத்தக்குழாயின் கொழுப்புப் படிவு வெடிக்கும், ரத்தமும் சட்டென்று உறையும். அந்த வாரத்தில் நெஞ்சை அழுத்தும்போது கருவியில் 97 பார்த்துவிட்டு, "வாயுவாத்தான் இருக்கும்" என்று படுத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.

சரியாகப் பார்க்க, 5 நிமிடம் உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத நடுவிரலில் மாட்டி, கையை நெஞ்சு உயரத்தில் அசையாமல் வையுங்கள். முதலில் மின்னும் எண்ணை விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து நிலைக்கும் எண்ணே கணக்கு. அதிலும் 2 புள்ளி கூடக்குறைய இருக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால், சேலத்தில் 98 காட்டுபவருக்கு இங்கே 96 வரலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே அவரவர் எண்ணைக் குறித்து வையுங்கள்.

இதய நோயாளிக்கு இரண்டாவது எண்ணான நாடித்துடிப்பும் முக்கியம். காய்ச்சல் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு சுமார் 10 கூடும். காய்ச்சல் இறங்கியும் 120க்கு மேலேயே நின்றாலோ, விரல் அசையாதபோதும் 80, 140, 95 என்று தாவினாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எண்ணே வராமல் வெறும் கோடு நின்றால் பலரும் பேட்டரியை மாற்றுகிறார்கள். விரலைத் தொட்டுப் பாருங்கள். வெளிறி, வியர்த்து, தேய்த்தும் சில்லென்றே இருந்தால் அது மலைக்குளிர் அல்ல. இதயம் ரத்தத்தைத் தள்ளத் திணறுவதால் விரல் நுனிக்கு ரத்தம் வரவில்லை என்று கொள்ளுங்கள். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு 108ஐ அழையுங்கள். நெஞ்சு இறுக்கம், தாடை வலி, திடீர் வியர்வை என்றாலும் அப்படியே, எண் எதுவானாலும். சர்க்கரைக்காரருக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம்.

சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று தெரிந்தால் 14 மாத்திரைகளை (ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8) முதல் தவணையாகக் கொடுத்து அனுப்புவார்கள். டெங்குவிலும் காய்ச்சல் வரும், அப்போது ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் இவற்றை வீட்டில் நீங்களாகப் போடாதீர்கள். உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் வேண்டாம், பாரசிட்டமால் போதும். வழக்கமான இதய மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

ஆக்ஸிமீட்டர் வாங்கலாம். கூடவே மேல்கையில் கட்டும் பிபி மெஷினும் வாங்குங்கள். ரத்த அழுத்தம் சரிவதை ஆக்ஸிமீட்டர் அளந்து சொல்லாது.