ஆற்காடு சாலையில் சைக்கிள்: தடுப்பை ஒட்டியா, உள்தெருவிலா?

சென்னையில் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி மெட்ரோ தடம் சுமார் 26 கி.மீ. வடபழனி, போரூர் பக்கம் அது ஆற்காடு சாலையின் மேலேயே போகிறது. மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் சைக்கிளுக்கு இரண்டே வழி: தகரத் தடுப்பை ஒட்டி மெயின் ரோடு, இல்லை உள்தெரு.

தூரம்: தடுப்பை ஒட்டிப் போனால் நேர்வழி. சாலிகிராமம் உள்தெருக்களில் சுற்றினால் கொஞ்சம் கூடும்.

பாதுகாப்பு: தகரத் தடுப்புக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவே ஹேண்டில்பார் நுழையும் அளவுதான் இடம். பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகடு மழையில் வழுக்கும். அதை நேராகக் கடக்க வேண்டும், திருப்பினால் சக்கரம் நழுவிவிடும். உள்தெருவில் வேகத்தடையும் நாயும்தான் தொல்லை. அப்புறம், திடீரெனத் திறக்கும் கார் கதவு.

இரவு: இரண்டுமே சுமார்தான். பின்விளக்கு கட்டாயம்.

ஞாயிறு விடியலில் மெயின் ரோடு சரி. ஆபீஸ் நேரம், மழை, பின்னால் பிள்ளை என்றால் உள்தெருதான்.