கோவையில் குடைந்தெடுத்த அலுமினியப் பெட்டிகள்: அளவில் குறையில்லை, கறைதான் தீரவில்லை

ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர்களைச் சிறு தொகுதிகளாகச் செய்யும் நண்பர் ஒருவர், நான் வழக்கமாகப் பெட்டி செய்யக் கொடுக்கும் கோவைப் பட்டறையிலேயே தாமும் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். 6061 என்ற அலுமினியக் கலவைக் கட்டியை விஎம்சி எனும் கணினிவழிக் குடைவு இயந்திரத்தில் குடைந்து, கருப்பு அனோடைசிங் (அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி மேலே ஆக்சைடு படலம் வளர்த்து, அதில் சாயம் ஏற்றுவது) செய்து தரும் வேலை அது. உருகிய உலோகத்தை அழுத்தி வார்க்கும் டை காஸ்டிங் அச்சுக்கு லட்சக்கணக்கில் பணம் போட முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

குடையும் வேலையில் அவர்களைக் குறை சொல்ல இடமே இல்லை. யுஎஸ்பி-சி வாயை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். சாக்கெட்டின் அளவுக்கே துளை போட்டால், 3 மில்லிமீட்டர் சுவரில் கேபிளின் தலை முட்டி, பிளக் பாதியிலேயே நின்றுவிடும்; அந்தத் தலை 12.35 × 6.5 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்று தர வரையறையே அனுமதிப்பதால், வெளிப்பக்கத்தில் அதைவிடச் சற்றுப் பெரிய பள்ளம் எடுக்க வேண்டும். வரைபடத்தில் அந்தப் பள்ளம் இருந்தும், ஒரு கேபிளைக் கேட்டு வாங்கி, முதல் பெட்டியில் செருகிப் பார்த்த பிறகே அவர்கள் மற்றவற்றை ஓட்டினார்கள். இவ்வளவு அக்கறையைப் பெரிய நிறுவனங்களிடம்கூட நான் கண்டதில்லை.

என்னை வாட்டுவது மூடியைப் பிடிக்கும் எம்3 (3 மில்லிமீட்டர் திருகுக்கான) மரைத் துளைகள். அவை அடிப்பக்கம் மூடியவை. அனோடைசிங் தொட்டியின் கந்தக அமிலம் மரையின் அடியில் தங்கிவிடுகிறது. சரியாக அலசாமல் சாயத்தில் இறக்கினால், அது மெல்லக் கசிந்து துளையைச் சுற்றிச் சாயம் பிடிக்காமல் செய்துவிடுகிறது. கன்னங்கரிய பெட்டியின் நான்கு மூலைகளிலும் சாம்பல் நிறத்தில் வளையம். அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு. துடைத்தால் போகாது. அனோடைசிங்கை உரித்துவிட்டு மீண்டும் செய்யச் சொன்னால், உரிக்கும்போது அலுமினியமும் கொஞ்சம் கரைவதால், கச்சிதமாக இருந்த மரை தளர்ந்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு தெரியாமல் இல்லை. துளைக்கு ரப்பர் அடைப்பான் போடலாம். பெட்டியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, ஊசிமுனைக் குழாயால் தண்ணீர் பீய்ச்சி அலசலாம். ஒவ்வொரு தொகுதியிலும் வரைபடத்தில் தமிழிலேயே எழுதித் தருகிறேன். ஆனால் அனோடைசிங் வெளியே வேறோர் இடத்தில் ஜாப் ஒர்க்காக நடக்கிறது. என் குறிப்பு அங்கே போய்ச் சேர்வதில்லை. கேட்டால் பட்டறை அவர்களைக் கைகாட்டுகிறது, அவர்கள் மரையில் எண்ணெய் இருந்ததாகப் பட்டறையைச் சொல்கிறார்கள். பணம் கொடுத்த எனக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. அளவில் ஒரு நூல்கூடப் பிசகாதவர்கள், தங்கள் கையைவிட்டுப் போன பெட்டியைத் திரும்பிப் பார்க்க மறுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடந்த வாரம் வந்த தொகுதியிலும் அதே வளையங்கள். ஆகவே நண்பருக்கு என் பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தே தீர வேண்டுமென்றால், குடைந்த பெட்டியை மட்டும் வாங்கி, அனோடைசிங் செய்பவரிடம் நீங்களே நேரில் கொண்டுபோய், துளையைக் காட்டிப் பேசிவிட்டுக் கொடுங்கள்.