சேர்வராயன் மலையில் சிறு பூனைகள்: டெலி லென்ஸா, தானியங்கிக் கேமராவா?

காட்டுப்பூனையையும், உடலில் துருநிறப் புள்ளிகள் கொண்ட துரும்பன் பூனையையும் படமெடுக்க ஆசைப்படுபவர்களுக்கு வழி இரண்டு: தொலைவில் இருப்பதை அருகில் காட்டும் நீண்ட டெலி லென்ஸோடு காத்திருப்பது, விலங்கு நடமாடினால் தானாகவே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவை மரத்தில் கட்டிவிட்டு வருவது. ஏற்காட்டில் நண்பரின் காபித் தோட்டத்துக்காக நான் இரண்டாவதையே வாங்கினேன்.

படத்தின் தெளிவில் லென்ஸுக்கு ஈடில்லை. பிறகு விற்றாலும் ஓரளவு நல்ல விலை போகும். காட்டுப்பூனை பகலிலும் எலி தேடி வரும் என்பதால், சேலம் பக்கத்து மலையடிவார வயல்களில் லென்ஸ் போதும். துரும்பன் பூனையின் கதை வேறு. எடை ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரைதான் இருக்கும். பெரும்பாலும் இரவில்தான் நடமாடும். லென்ஸில் எடுக்க வேண்டுமானால் விளக்கடித்துத் தேட வேண்டும். இரை தேடும் உயிரின் கண்ணில் வெளிச்சத்தைப் பாய்ச்சி எடுக்கும் படம் எனக்கு வேண்டாம்.

ஆனால் தானியங்கிக் கேமராவுக்குப் பராமரிப்பு அதிகம்; அதற்குத் துணிந்தால்தான் வாங்க வேண்டும். வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆடினாலும் வெப்பத்தின் அசைவை உணரும் சென்சார் ஏமாந்து படமாக எடுத்துத் தள்ளும், பேட்டரி வீணாகும். எனவே எதிரே உள்ள புல்லையும் தாழ்ந்த கிளைகளையும் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே கட்டுங்கள். இடுப்புயரத்தில் கட்டினால் முதுகு மட்டுமே பதிவாகும். பூனை மிக அருகில் வந்தால், இரவில் கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளியில் முகம் வெளுத்துவிடும். விளக்கின் மேல் மெல்லிய வெள்ளை டேப் ஒட்டினால் அடங்கும். பேட்டரி மூடியைத் திறந்தால் இடுக்கில் எறும்புகள் முட்டையோடு குடியிருக்கும். மூடியின் ரப்பர் வளையத்தில் மண் ஒட்டியிருந்தால் மழைக்கால ஈரம் உள்ளே இறங்கும். ஒவ்வொரு முறையும் வளையத்தைத் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் மாற்றிவிடுங்கள். இதே ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் பழுதுபார்க்கும் செலவு மிக அதிகம். அந்தக் கணக்கில் தானியங்கிக் கேமராவே தேவலை.

குறை ஒன்று உண்டு. அகச்சிவப்புப் படம் கருப்பு வெள்ளைதான். துருநிறப் புள்ளிகள் சாம்பலாகவே தெரியும். வெள்ளை பிளாஷ் உள்ள வகை நிறத்தைத் தரும். அதை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. வெளிச்சத்துக்கு மிரண்டு பூனை அந்தத் தடத்தையே விட்டுவிடுமோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது.

பூனைக்குக் கட்டிய கேமராவில் மரநாயும் ஊர் நாயும்தான் அதிகம் விழும். மனம் தளர வேண்டாம். தோட்டமென்றால் உரிமையாளரிடம் கேட்டுக் கட்டுங்கள். காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியில்லாமல் கட்டக் கூடாது.