இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு புராஸ்டேட் ஸ்கேனும்

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் கோளாறுகளைக் கோடிகாட்டும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில், வழக்கத்தைவிடக் கூடுதலாக 7.2 என்று வந்ததால், ஏற்காட்டில் வசிக்கும் 68 வயதான என் தந்தைக்கு ஆசனவாய் வழியாகச் செய்யும் 'டிரஸ்' அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொன்னார்கள். அதற்காகச் சேலம் ஐந்து ரோடு அருகிலுள்ள இந்த ஸ்கேன் மையத்துக்கு இருமுறை சென்றோம்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். முன்பதிவின்போது தொலைபேசியில், "ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். அது வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனுக்கான அறிவுரை. டிரஸ் ஸ்கேனுக்கு முன் வேண்டியது குடலைக் காலி செய்யும் எனிமாதான். அரை மணிக்கொரு முறை எழுந்து போகும் மனிதர் ஏற்காட்டின் 20 வளைவுகளையும் முட்டிய வயிற்றோடு கடந்தார். அடிவாரம் வருவதற்குள் பேச்சே நின்றுவிட்டது. போதாக்குறைக்கு, சிசுவின் பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது என்ற பலகையின் கீழ் கர்ப்பிணிகளோடு அமர்ந்திருந்தவரை, "ஆசனவாய் ஸ்கேன் யாருங்க?" என்று உரக்கக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நிலைமை வேறு. இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களை மடக்கிப் படுக்க வைத்து, விரல் தடிமனுள்ள கருவியை மருத்துவரே செலுத்தினார். ஒவ்வோர் அசைவுக்கும் முன், "ஐயா, இப்போது கொஞ்சம் அழுத்தும்" என்று சொல்லிவிட்டே செய்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, சுரப்பியின் நீளம் 4.8, அகலம் 4.5, உயரம் 4.3 செ.மீ. என்று அளந்து, மூன்றின் பெருக்கத்தை 0.52-ஆல் பெருக்கி, கொள்ளளவு 48 மி.லி. என்றார். வழக்கமான அளவு 20 முதல் 25 வரை. பி.எஸ்.ஏ. அளவான 7.2-ஐ 48-ஆல் வகுத்தால் 0.15, அதற்கு மேல் போனால் புற்றுநோய்ச் சந்தேகம் வலுக்கும் என்பதால், அப்பா சரியாக எல்லைக்கோட்டில் நின்றார்.

சுரப்பியின் வலது புறவிளிம்பில் ஒரு கருமை தெரிந்தது. கறுப்பாகத் தெரிவதெல்லாம் புற்றுநோய் அல்ல, சுற்றியுள்ள திசுவின் சாம்பல் நிறத்திலேயே ஒளிந்திருக்கும் புற்றுநோயும் உண்டு, ஆகவே படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்றார். அங்கே எம்.ஆர்.ஐ. வசதி இல்லை, இருந்தும், பயாப்சிக்கு (திசுவை எடுத்துச் சோதிப்பதற்கு) முன் வேறிடத்தில் அதை எடுத்து வரச் சொன்னார். நான் இந்த மையத்தை நம்பத் தொடங்கியது அங்கேதான்.

இரண்டாம் முறை பயாப்சிக்காகச் சென்றபோது, மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட் வழிகாட்ட 12 இடங்களில் திசு எடுத்தார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போன்ற சத்தம்; வலியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் அப்பா திடுக்கிட்டார். ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரா என்று முன்கூட்டியே விசாரித்தார்கள். சிறுநீரில் சில நாட்கள் ரத்தம் வரலாம், குளிர்க்காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று தமிழிலேயே அச்சடித்த தாளும் தந்தார்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரங்கள் தருகிறேன். மலையிலிருந்து வருவோர், தொலைபேசியில் எடுப்பவரிடம் "டிரஸ்" என்று அழுத்திச் சொல்லி, எனிமா பற்றிக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.