மழைக்காலத்தில் கூடத்தில் கட்டிய பாய்மரப் படகு: ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எட்டடி நீளமுள்ள ஒரு சிறு மரப் பாய்மரப் படகை, 2019 நவம்பர் இறுதியில், வடகிழக்குப் பருவமழை வலுக்கத் தொடங்கிய வாரங்களில், சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் கட்டத் தொடங்கினேன். அடுத்த பிப்ரவரியில் வண்ணப்பூச்சு முடிந்தது. கட்டி முடித்த கையோடு எழுதப்பட்ட குறிப்புகள் பல கிடைக்கின்றன. ஈரமும் வெயிலும் உப்பும் ஆண்டுக்கணக்கில் வேலைபார்த்த பிறகு எந்தப் பகுதி நின்றது, எது நிற்கவில்லை என்பதை நம் ஊர்த் தட்பவெப்பத்தை வைத்துச் சொல்பவை அரிதாக இருப்பதால் இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கட்டும் காலத்து மழை இந்தப் படகுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, கட்டி முடித்த பின் அதற்குள் தேங்கிய மழைநீர்தான் செய்தது.

படகு இரண்டு துண்டுகளாகப் பிரியக்கூடியது. நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.2 மீட்டர், நடுவில் ஒட்டி நிற்கும் இரு தடுப்புப் பலகைகளை நான்கு போல்ட்டுகள் பிணைக்கின்றன. அவற்றைக் கழற்றினால் முன்பாதி பின்பாதிக்குள் அடங்கிவிடும். அடுக்குமாடியில் வசிப்பவர் வேறு வடிவத்தை எண்ணிப் பார்ப்பதே வீண், ஏனெனில் படகைக் கட்டுவதைவிட அதை மின்தூக்கிக்குள் நுழைப்பது கடினம். நீரில் பிரியாத பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகையான மரைன் பிளைவுட் 1.22 மீட்டருக்கு 2.44 மீட்டர் பலகைகளாக வருவதால், அவற்றைச் சுங்கை காடுட் பக்கத்து மரக்கடையிலேயே பட்டைகளாக அறுத்து வாங்கிக்கொண்டேன். அடிப்பலகைக்கு 6 மில்லிமீட்டர், பக்கங்களுக்கு 4 மில்லிமீட்டர்.

பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, உள்மூலைகளில் எப்பாக்சி என்னும் இருபொருள் பசையும் மரத்தூளும் கலந்த களிம்பை இழைத்து, அதன்மேல் கண்ணாடியிழை நாடாவை ஒட்டுவதுதான் கட்டும் முறை. 1960களில் பிரிட்டனில் ‘மிரர்’ என்ற சிறு படகின் வழியாக இம்முறை சாதாரணக் குடும்பங்களிடம் பரவியது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னைக் கரையில் கப்பலுக்கும் மணலுக்கும் இடையே ஆளையும் சரக்கையும் சுமந்த மசூலாப் படகுகளும் தேங்காய்நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவைதாம். அங்கே தையலே படகின் வலு. அலை மோதும்போது உடையாமல் நெகிழ வேண்டும் என்பதற்காக அப்படித் தைத்தார்கள். பிளைவுட் படகிலோ பசை இறுகும் வரைதான் தையலுக்கு வேலை; பிறகு கம்பியை உருவி எடுத்துவிடலாம். என் படகில் உருவ வராமல் உள்ளேயே நறுக்கி விடப்பட்ட கம்பிகள் இன்றுவரை எந்தத் தொல்லையும் தரவில்லை.

ஈரப்பதம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஒப்பீட்டு ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டி, மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 வரை இறங்கும். அடைமழை நாள்களில் அந்த இறக்கமும் கிடையாது. மரம் தன்னைச் சூழ்ந்த காற்றுக்கு ஏற்ப ஈரத்தை வாங்கிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 80ஆக இருந்தால் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் நிலைபெறும்; 60ஆக இருந்தால் 11இல் நிற்கும். எப்பாக்சி உறுதியாகப் பிடிக்க மரத்தின் ஈரம் 12க்குள் இருப்பது நல்லது. எனவே தரைவீட்டின் திறந்த கார் நிறுத்துமிடத்தில், பிப்ரவரியின் வறண்ட நாள்களில் கட்டுபவரைவிட, கூடத்தின் சன்னல்களைச் சாத்திவிட்டு ஈரப்பதநீக்கியை ஓட்டியபடி டிசம்பர் மழையில் கட்டுபவருக்கே காய்ந்த மரம் கிடைக்கிறது. முள் வைத்த ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் பலகைகளைத் தினமும் குத்திப் பார்த்தேன். எண் 11ஐ ஒட்டி வந்த பிறகே பசையைத் திறந்தேன்.

இதற்கு ஏர்கானை நம்பக்கூடாது. நம் ஊர்க் காற்றின் பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஏர்கானில் 22 டிகிரிக்குக் குளிர்ந்துபோன பலகையை வைத்துக்கொண்டு சன்னலைத் திறந்தால், கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்படலம் அதன்மேல் படிந்துவிடும். ஈரப்பதநீக்கி அறையைச் சற்றே சூடாக்குவதால் இந்தச் சிக்கல் இல்லை. சாத்திய அறையில் வேலை செய்வதால் கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி கொண்ட முகமூடி கட்டாயம். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அதைவிடக் கட்டாயம், ஏனெனில் எப்பாக்சி ஒவ்வாமை ஒருமுறை தோலில் ஏறிவிட்டால் இறங்குவதில்லை.

எப்பாக்சியின் குணம் வெப்பத்தில் மாறிவிடுகிறது. அதை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்டனரில் மெதுவான வகையைப் பயன்படுத்தினாலும், கலவையைக் குவளையிலேயே விட்டால் தன் சூட்டில் தானே கொதித்துப் புகைந்து கல்லாகிவிடும். கலக்கியவுடன் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பினால் வேலை செய்ய நேரம் கிடைக்கும். முதல் பூச்சை எப்போதும் மாலையில், வெப்பம் இறங்கும் நேரத்தில் பூச வேண்டும். காலையில் பூசினால் மரத்துளைகளில் உள்ள காற்று சூடேறி விரிந்து பசையின் மேல் குமிழிகளாகக் கிளம்பும். மாலையில் அதே காற்று சுருங்கிப் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிற்பகல் மழைக்குப் பின் வெப்பம் சட்டென்று இறங்கும் மழைக்காலம் இந்த வேலைக்கு வாய்ப்பானது.

மறுநாள் காலையில் இறுகிய பரப்பின்மேல் விரலை ஓட்டினால் சோப்பு தடவியதுபோல் வழுக்கும். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. மழைக்காலத்தில் கட்டாயம் வரும். தின்னரால் துடைத்தால் போகாது, வெறும் தண்ணீரில் கரையும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரையும் தண்ணீரையும் கொண்டு தேய்த்துக் கழுவி, துடைத்துக் காயவைத்த பிறகே உப்புத்தாளை எடுக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலம் பரப்புக்குள் அழுந்தி அடுத்த பூச்சைப் பிடிக்கவிடாது. கழுவிப் பூசிய இடங்களில் இன்றுவரை ஓர் அடுக்கும் உரிந்து வரவில்லை.

வீட்டு விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பதால், ஒரு துண்டுப் பலகையைக்கூட வெளியே வைக்கவில்லை. இழைப்பு இயந்திரத்தைப் பகலில் மட்டும் ஓட்டினேன். பொங்கலுக்குப் படகின் பின்பாதி கூடத்தின் நடுவே கவிழ்ந்து கிடந்ததை என் மாமியார் இன்னும் மன்னிக்கவில்லை. படகு தயாரானதும் கோவிட் பரவலைத் தடுக்கும் கிருமிமுறியடிப்புக் காலம் வந்து எல்லோரையும் வீட்டுக்குள் பூட்டியதால், பசை முழு வலுவை அடையப் போதிய நாள்களும் கிடைத்தன.

இனிப் பயன்பாடு. இரண்டாம் ஆண்டு முதல் படகைச் சாங்கிப் பக்கம் வாடகைக்கு எடுத்த தாங்கியில் கவிழ்த்து வைத்திருந்தேன். ஒரு டிசம்பரில், நான் ஊரில் இல்லாத வேளையில், இடம் ஒதுக்குவதற்காக யாரோ அதை நிமிர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தபோது முழங்கால் ஆழத்துக்கு மழைநீர். வெளியே எதுவும் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து நடுத்தடுப்பின் போல்ட் துளை ஒன்றைச் சுற்றிப் பூச்சு கறுத்து, திருப்புளியால் குத்தினால் மரம் மெத்தென்று உள்வாங்கியது.

எங்கள் புளோக்கில் செம்பவாங் கப்பல் பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். “உப்புத் தண்ணி மரத்தை ஊறவைக்கும், தம்பி, உளுக்க வைக்காது. இது மழைத்தண்ணி வேலை” என்றார். அவர் சொன்னது சரி. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு நன்னீர்தான் வேண்டும். உப்பு அதை அடக்கிவிடும். கடல்நீரிலேயே கிடக்கும் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவைப் பற்றி, ஒவ்வொரு முறையும் கரையேற்றப்படும் சிறு படகின் சொந்தக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை.

உளுத்த பகுதியைத் தோண்டி எடுத்துக் காயவைத்து, துளையைத் தேவைக்கு மேல் பெரிதாக்கி, கெட்டியான எப்பாக்சிக் களிம்பால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் புதிதாகத் துளையிட்டேன். இப்போது போல்ட் மரத்தைத் தொடுவதே இல்லை. மற்ற துளைகளையும் அப்படியே மாற்றிவிட்டேன். படகு கவிழ்ந்தாலும் மிதக்கவைக்கும் காற்றுப் பெட்டிகளின் மூடிகளைக் கரையில் எப்போதும் திறந்து வைக்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் பகலில் ஆவியாகும் ஈரம் இரவில் வியர்த்து அதே மரத்தில் ஊறும். கழுவும்போது வெளிப்புறத்தை மட்டும் குழாய்நீரால் கழுவி, உட்புறத்தைக் கடல்நீரால் அலசிவிட்டு வருகிறேன். படகைக் கவிழ்த்து, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைப்பதற்கு இன்னொரு காரணமும் இங்கே உண்டு: ஏடிஸ் கொசு ஒரு வாரத்துக்குள் முட்டையிலிருந்து வளர்ந்துவிடும், படகில் தேங்கிய நீரில் புழுவைக் கண்டால் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சொந்தக்காரர்தான்.

வண்ணத்தில் வெள்ளையைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண வெப்பத்தில் இறுகும் எப்பாக்சி 50, 60 டிகிரி வெப்பத்தில் இளகத் தொடங்கும். நண்பகல் வெயிலில் கருநீலப் பரப்பு அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும். எப்பாக்சிக்கு வெயிலின் புற ஊதாக் கதிரும் ஆகாது என்பதால் ஓர் அங்குலத்தையும் பூச்சில்லாமல் விடக்கூடாது. விளிம்புக்கட்டைக்கு அழகுக்காக வார்னிஷ் அடித்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்ததால் மூன்றாம் ஆண்டில் அதையும் வெள்ளையடித்துவிட்டேன். திருகுகளில் 316 வகைத் துருவேறா எஃகு பளிச்சென்று இருக்கிறது. 304 வகை பழுப்புக் கறை விட்டது.

பாய் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தார்பாய்த் துணியில் தைத்த முதல் பாய் இரண்டு ஆண்டுகள் தாங்கியது. துணிக்கு முன் நூல் இற்றது. இப்போது இருப்பது டாக்ரான் என்ற பாலியெஸ்டர் பாய்த்துணி. பாயைத் தாங்கும் பருமலுக்கு, துணி உலர்த்தச் சன்னலுக்கு வெளியே நீட்டும் மூங்கில் கழிகளில் ஒன்றையே எடுத்து, நுனிகள் பிளக்காதபடி நூல் சுற்றிப் பசை பூசினேன். படகின் வேறெந்தப் பகுதியைவிடவும் மலிவான அது இன்னும் மாற்றப்படவில்லை. பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிறு கப்பியில் உராயும் இடத்தில் ஆண்டுதோறும் தேய்கிறது.

கடலில் இதன் எல்லையை அறிந்துகொள்ள வேண்டும். இந்த நீளத்துக்கு மூன்றரை நாட் (மணிக்கு ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர்) வேகத்தை எதிர்பார்க்கலாம், அதுவும் நல்ல காற்றில். சாங்கிக்கும் எதிரே உள்ள புலாவ் உபின் தீவுக்கும் இடையே நீரோட்டம் எதிராக இருந்தால், மெல்லிய காற்றில் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். பன்னிரண்டு பேரை ஏற்றிச் செல்லும் படகுகள் எழுப்பும் அலை பக்கவாட்டில் வந்து உள்ளே தெறிக்கும். ஆகவே ஓதக் கால அட்டவணையைப் பார்த்து, போகும்போது எதிர்நீர், திரும்பும்போது துணைநீர் என அமைத்துக்கொள்கிறேன். ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை வீசும் சீரான வடகிழக்குக் காற்றே இதற்கு ஏற்றது. ஏப்ரலுக்குப் பின், விடியலுக்கு முன்னிருந்து நண்பகல் வரை எப்போது வேண்டுமானாலும் பாயும் சுமத்ராப் புயற்காற்றில் இவ்வளவு சிறிய படகுக்கு வேலையில்லை; மேற்கு வானம் கறுத்தால் நான் பாயை அவிழ்ப்பதே இல்லை.

குழந்தைகளோடு கடலில் விரைந்து செல்ல வேண்டும் என்பவர் பழைய கண்ணாடியிழைப் படகு ஒன்றை வாங்கிக்கொள்வது மலிவு. என் கணக்கில் பசைக்கும் நாடாவுக்கும் ஆன செலவே பலகைகளின் விலையைத் தாண்டியது. தச்சுவேலையில் ஆசையும், மூன்று மாதம் கூடத்தை விட்டுக்கொடுக்கும் குடும்பமும் உள்ளவர் தயங்க வேண்டியதில்லை. ஈரப்பதநீக்கிக்கான செலவை முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள். வருகிற டிசம்பரில் படகை மறுபடி கூடத்துக்குக் கொண்டுவந்து, நடுத்தடுப்பின் ரப்பர் பட்டையை மாற்றி, அடிப்பலகைக்கு மணல் உராயும் இடத்தில் இன்னோர் அடுக்கு கண்ணாடியிழை போட இருக்கிறேன். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.